கூடி வகுத்த அரசியலமைப்பு

ஒரு நாட்டின் அரசியலமைப்பை ஆள்வோர் எழுதித் தருவதுண்டு. சட்ட அறிஞர் சிலர் அமர்ந்து வகுப்பதுமுண்டு. ஆனால், ஆட்சியில் எவ்விடமும் பெறாதவர்கள், இனத்தாலும் மொழியாலும் கொள்கையாலும் வேறுபட்டவர்கள், ஒருவரையொருவர் முழுமையாக நம்பாதவர்கள் ஒன்றுகூடித் தம் நாட்டிற்கென ஓர் அரசியலமைப்பை வகுத்துத் தந்தனர் என்பது உலக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய செய்தியன்று. அத்தகைய நிகழ்ச்சி 1947ஆம் ஆண்டு மலாயாவில் நடைபெற்றது. 'மலாயாவுக்கான மக்கள் அரசியலமைப்புத் திட்டம்' என்பது அவ்வாவணத்தின் பெயர். நாடு விடுதலை பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த இத்திட்டம் சட்டமாகவில்லை. எனினும், கருத்து வேறுபாடு கொண்டோர் எவ்வாறு கூடிப் பணியாற்ற இயலும் என்பதற்கு இஃதொரு சிறந்த பாடமாகும்.

பல குழுக்களாகப் பிரிந்து நிற்றலும், உள்ளிருந்தே கெடுக்கும் பகையும் இல்லாததே நல்ல நாடு என்று வள்ளுவர் 'நாடு' அதிகாரத்தில் வரையறுத்தார். குழுக்களே இல்லாத நாடு இக்காலத்தில் இல்லை. ஆகவே, குழுக்கள் இருக்கவும் பகை வளராதிருக்க வழி யாது என்பதே இன்றைய வினாவாகும். அவ்வினாவிற்கு 1947இல் இந்நாட்டில் ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது.

இரண்டு திட்டங்கள், இரண்டு அச்சங்கள்

ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிவுற்றதும் பிரிட்டிஷ் அரசு 'மலாயா யூனியன்' என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. சுல்தான்களின் இறைமை பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்; மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஒரே ஆட்சியின்கீழ் வரவேண்டும்; சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாக நிற்கவேண்டும்; குடியுரிமை தாராளமாக வழங்கப்பட வேண்டும் என்பன அத்திட்டத்தின் கூறுகள். 1946 ஏப்ரல் முதல் நாள் யூனியன் தொடங்கியது. மலாய் மக்கள் கொதித்தெழுந்தனர். சோங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காத்தனர். ஆளுநரின் பதவியேற்பு விழாவைச் சுல்தான்கள் புறக்கணித்தனர். அவ்வெழுச்சியினின்று 1946 மே மாதத்தில் டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் அம்னோ பிறந்தது.

அந்த எழுச்சியின் அடியில் இருந்தது ஓர் அச்சம். பிறந்த மண்ணிலேயே தாம் அயலார் ஆகிவிடுவோமோ என்பதே அவ்வச்சம். அதனை வெறும் இனவெறுப்பு என்று கூறி ஒதுக்குதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

எதிர்ப்பின் வலிமை கண்ட பிரிட்டிஷ் அரசு 1946 ஜூலையில் 12 பேர் கொண்ட செயற்குழு ஒன்றை அமைத்தது. அரசு அதிகாரிகள் 6 பேர், சுல்தான்களின் பிரதிநிதிகள் 4 பேர், அம்னோ பிரதிநிதிகள் 2 பேர் அதில் இடம்பெற்றனர். சீனரோ இந்தியரோ ஒருவரும் இல்லை. மலாய் மக்களிடையே இருந்த பிற இயக்கங்களுக்கும் அழைப்பில்லை. அக்குழு வகுத்த கூட்டரசுத் திட்டம் 1946 டிசம்பர் இறுதியில் வெளியாயிற்று. இந்நாட்டில் பிறவாதவர் குடியுரிமை கோருவதற்கு, முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது பின்னர் 1948இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு உடன்படிக்கையின் விதிகளுள் ஒன்று.

இவ்விதி எத்தகைய சுமை என்பதைத் தோட்டப்புறத்தை நினைத்தால் உணரலாம். 1947ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலாயாவில் இந்தியர் 5 இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தமிழருள் பெரும்பாலோர் தோட்டப் பாட்டாளிகள். ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவி, மற்றொரு தோட்டத்திற்குக் கங்காணியுடன் பெயர்ந்து, போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, உயிர் பிழைத்து மீண்டவர்கள் அவர்களில் பலர். அத்தகையோர் 15 ஆண்டு வாழ்க்கையை எவ்வாறு மெய்ப்பிப்பது? உழைத்த மண்ணில் உரிமையற்று நிற்போமோ என்பது இவர்களின் அச்சம். ஒரே நாட்டில் இரண்டு அச்சங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்றைத் தணிக்க இயற்றிய திட்டம் மற்றொன்றை வளர்த்தது.

இரு வீடுகள், ஒரு முற்றம்

இந்நிலையில், 1946 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. பின்னர் அகில மலாயா கூட்டு நடவடிக்கை மன்றம் என்று பெயர்பெற்ற அவ்வமைப்பிற்கு மலாக்காவைச் சேர்ந்த டான் செங் லோக் தலைவரானார். மலாயா ஜனநாயக ஒன்றியம், மலாயா இந்தியக் காங்கிரஸ், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம், ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட படையின் முன்னாள் தோழர் சங்கம், மகளிர் அமைப்பு, இளைஞர் அமைப்பு ஆகியவை அதில் சேர்ந்தன.

இவர்களிடையே இருந்த வேறுபாடுகள் சிறியனவல்ல. டான் செங் லோக் செல்வர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துச் சட்டமன்றத்தில் அமர்ந்து பழகியவர். தொழிற்சங்க சம்மேளனமோ முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தங்கள் நடத்தியது. ஜனநாயக ஒன்றியத்தினர் ஆங்கிலம் கற்ற இளம் வழக்கறிஞர்களும் அறிவாளிகளும் ஆவர். இந்தியக் காங்கிரஸ் 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி ஒரு வழக்கறிஞர். நேதாஜியின் சுதந்திர இந்திய இயக்கத்தில் பணியாற்றியவர். இந்திய விடுதலைக்கு உழைத்த அவ்வியக்கத்தினர் பலர், தாம் வாழும் மண்ணின் அரசியலிலும் பொறுப்புண்டு என்று உணர்ந்து ம.இ.கா.வில் இணைந்தனர். தம் இனத்திற்கென மட்டும் மனுக்கொடுத்து நில்லாமல், பிற இனத்தாருடன் பொதுக் கோரிக்கைக்காக நின்றது அக்கட்சியின் தொடக்ககாலச் சிறப்பாகும்.

மலாய் மக்களிடையே வேறோர் அணி இருந்தது. 1945இல் ஈப்போவில் தோன்றிய மலாய் தேசியக் கட்சி முழு விடுதலையை நாடியது. டாக்டர் புர்ஹானுடீன் அல்ஹெல்மி, இஷாக் ஹாஜி முகமது, அகமட் போஸ்தமாம் முதலியோர் அதன் முன்னணியினர். அம்னோவின் தொடக்கத்தில் உடனிருந்த இக்கட்சி, கருத்து வேறுபாட்டால் 1946லேயே விலகியது. டான் செங் லோக்கின் கூட்டமைப்பில் அது முதலில் சேர்ந்தது. ஆயினும், மலாய்க்காரரல்லாதார் மிகுந்த ஒரு மன்றத்தில் தான் ஓர் உறுப்பாக இருந்தால் மலாய் மக்கள் தன்னை நம்பமாட்டார்கள் என்பதை அது உணர்ந்தது. ஆகவே, 1947 பிப்ரவரியில் வெளியேறி, 'புத்ரா' எனச் சுருங்க வழங்கிய மக்கள் ஆற்றல் மையத்தைத் தனியே நிறுவியது. 'அப்பி' எனப்பட்ட இளைஞர் படையும், 'அவாஸ்' எனப்பட்ட மகளிர் படையும் அதில் இடம்பெற்றன.

இவ்விலகல் பிளவாக முடியவில்லை. புத்ராவும் கூட்டு நடவடிக்கை மன்றமும் இரண்டு தனி அமைப்புகளாக நின்றுகொண்டே ஒன்றாகப் பேசின. இரு வீட்டார்க்கும் தனித்தனிக் கூரை, நடுவில் பொதுவான ஒரு முற்றம் என்னும் அமைப்பு இது. ஒருவரை மற்றவர் விழுங்கிவிடுவார் என்னும் ஐயம் நீங்கிய பிறகே உண்மையான பேச்சு தொடங்கிற்று. ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே கூரையின்கீழ்ப் புகுவதுதான் என எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று.

பத்துக் கொள்கைகளும் அவற்றின் விலையும்

இரு தரப்பும் ஏற்ற கொள்கைகள் 10. சிங்கப்பூரையும் உள்ளடக்கிய ஒன்றுபட்ட மலாயா. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்திய சட்டமன்றம். மலாயாவைத் தம் நிலையான வீடாகவும் முழு விசுவாசத்திற்குரிய நாடாகவும் கொள்வோர் அனைவர்க்கும் சம உரிமை. மக்கள் மன்றத்தின் அறிவுரைப்படி ஒழுகும் அரசியலமைப்பு மன்னர்களாகச் சுல்தான்கள். இசுலாமிய சமயமும் மலாய் வழக்காறும் மலாய் மக்களின் பொறுப்பிலேயே இருத்தல். மலாய் மக்களின் முன்னேற்றத்திற்குத் தனிக் கவனம் என்பன முதல் ஆறு. மலாய் மொழி ஆட்சிமொழி. பாதுகாப்பும் வெளியுறவும் மலாயா அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் கூட்டுப் பொறுப்பு. நாட்டினத்தின் பெயர் 'மெலாயு'. தேசியக் கொடியில் மலாய் மக்களின் தேசிய வண்ணங்கள் என்பன புத்ரா முன்வைத்து மற்றவர் ஏற்ற நான்கு.

இப்பட்டியலை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு தரப்பும் தனக்கு எளிதானதைக் கொடுக்கவில்லை. தனக்கு அரிதானதையே கொடுத்தது. மலாய்த் தேசியவாதிகள் கொடுத்தது சம குடியுரிமை. இந்நாட்டில் பிறந்த ஒவ்வொருவரும் குடிமகன். பிறவாதவர் முந்திய 10 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் குடியுரிமை கோரலாம் என்று அவர்கள் ஒப்பினர். தம் மக்களிடையே இதற்காக அவர்கள் ஏற்ற பழிச்சொல் சிறிதன்று. யூனியனை எதிர்த்து எழுந்த மக்களிடம் சென்று, யூனியன் வழங்க முன்வந்ததற்கு ஒப்பான குடியுரிமையை ஆதரித்துப் பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

மலாய்க்காரரல்லாதார் கொடுத்தது பெயர். ஒரு சீனரோ தமிழரோ தம்மை 'மெலாயு' என்னும் நாட்டினப் பெயரால் அழைத்துக்கொள்வது அன்று எளிதான செயலன்று. கூட்டு நடவடிக்கை மன்றத்துள் இப்பெயர் பற்றி நெடிய விவாதம் நடந்தது. புர்ஹானுடீனின் விளக்கம் இவ்விடத்தில் துணைநின்றது. இனம் வேறு, நாட்டினம் வேறு. பிற நாட்டுப் பற்றைத் துறந்து இம்மண்ணுக்கே விசுவாசம் பூண்டவர் எவ்வினத்தவராயினும் மெலாயு ஆகலாம் என்பது அவர் கருத்து. அப்பெயர் சமயத்தைச் சுட்டாது என்பதும் திட்டத்தில் தெளிவாக்கப்பட்டது. தமிழர் தம் மொழியையும் சமயத்தையும் காத்துக்கொண்டே, நாட்டினப் பெயரில் மலாய் மக்களுடன் இணைவது என்பதே இதன் பொருள். மலாய் மக்களுக்கோ, தம் பெயரின் வாயிலைப் பிறர்க்குத் திறந்துவிடுதல் என்பது இதன் பொருள். ஒரே சொல் இரு தரப்பாரையும் தத்தம் வேலிக்கு வெளியே ஓரடி எடுத்து வைக்கச் செய்தது.

அதனோடு அவர்கள் நிற்கவில்லை. நல்லெண்ணம் ஒரு தலைமுறையில் தேய்ந்து போகலாம் என்பதை அறிந்து, இரண்டு காப்புகளை எழுதி வைத்தனர். முதல் மூன்று சட்டமன்றங்களிலும் மலாய் உறுப்பினர் 55 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. இனங்களின் மன்றம் என்பது மற்றொன்று. மலாய், சீனர், இந்தியர், யூரேசியர், இலங்கையர், பூர்வகுடியினர் முதலிய ஒவ்வோர் இனத்திற்கும் இரண்டு உறுப்பினர் வீதம் அம்மன்றத்தில் அமர்வர். சட்டமன்றம் இயற்றும் சட்டம் எவ்வினத்திற்கேனும் பாகுபாடு செய்கிறதா என்று பார்ப்பது அதன் கடமை. பெரும்பான்மையின் அச்சத்திற்கு ஒரு மருந்து, சிறுபான்மையின் அச்சத்திற்கு ஒரு மருந்து. 'எல்லாரும் உடன்பிறப்புகள்' என்று மேடையில் முழங்குதல் எளிது. உடன்பிறப்புகளுக்குள் வழக்கு எழுந்தால் யார் தீர்ப்பது என்று எழுதி வைத்தலே கடினம். இலட்சியம் இங்கே கணக்கேட்டில் ஏறியது. 1947 ஆகஸ்டு 10ஆம் நாள் இத்திட்டத்திற்கு இரு தரப்பும் ஒப்புதல் அளித்தன.

அக்டோபர் 20

பிரிட்டிஷ் அரசு இவர்களைப் பிரதிநிதிகளாக ஏற்க மறுத்தது. மனுக்களும் கூட்டங்களும் பயன் தரவில்லை. அப்பொழுது டான் செங் லோக் 'ஹர்த்தால்' என்னும் முறையை முன்மொழிந்தார். கடைகளை அடைத்து, தொழிலை நிறுத்தி, தெருவைக் காலியாக்கி, அமைதியாக வீட்டிலிருக்கும் இம்முறை இந்திய விடுதலை இயக்கம் கண்ட ஆயுதம். போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த டான் செங் லோக் அதன் ஆற்றலை அறிந்தவர். காந்தியடிகள் காட்டிய வழி, சீனத் தலைவர் ஒருவர் வாயிலாக மலாயாவில் மலாய், சீன, இந்திய மக்களின் பொது வழியாயிற்று.

1947 அக்டோபர் 20ஆம் நாள், லண்டனில் நாடாளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடரை ஒட்டி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடையடைப்பு நடந்தது. நகரங்களில் கடைகள் மூடப்பட்டன. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. நாள்தோறும் விடியலில் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துப் பழகிய தோட்டப் பாட்டாளி, ஒருநாள் கூலியை இழந்து, இந்நாட்டின் அரசியலமைப்புக்காக வீட்டில் அமர்ந்தான். அவன் வேலைநிறுத்தம் முன்பும் செய்ததுண்டு. அவை கூலிக்காகவும் அரிசிக்காகவும் நடந்தவை. இதுவோ குடிமகன் என்னும் நிலைக்காக நடந்தது. பிற இனத்தாரும் அதே நாளில், அதே கோரிக்கைக்காக, அதே இழப்பை ஏற்றனர். கடையடைப்பு அமைதியாகவே நடந்தேறியது.

தோல்வியின் காரணங்கள்

1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு நிறுவப்பட்டது. அதன் சட்டமன்ற உறுப்பினர் அனைவரும் நியமனம் பெற்றவர். மக்கள் திட்டம் ஏற்கப்படவில்லை. இதற்கான காரணங்களை ஒளிவின்றி ஆராய்தல் வரலாற்று மாணவர் கடன்.

முதலாவது, ஆள்வோரின் மறுப்பு. அம்னோவுடனும் சுல்தான்களுடனும் உடன்பாடு கண்டுவிட்ட பிரிட்டிஷ் அரசு, அதனைக் கலைக்க விரும்பவில்லை. புத்ராவின் முக்கிய உறுப்பாகிய அப்பி இளைஞர் படை 1947 ஜூலையிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

இரண்டாவது, கிராமப்புற மலாய் மக்களுள் மிகப்பலர் அம்னோவின் பின்னும் சுல்தான்களின் பின்னும் நின்றனர். அவர்களின் அச்சத்தைப் போக்கும் அளவிற்குப் புத்ரா வேரூன்றவில்லை. நகரத்து மாநாட்டு மண்டபத்தில் கண்ட உடன்பாடு கம்பத்து மக்களின் உள்ளத்தில் இறங்குவதற்குக் காலம் வேண்டும். அக்காலம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

மூன்றாவது, உடன்வந்தோரின் நோக்கங்கள் வேறுவேறாக இருந்தன. கடையடைப்பிற்குச் சீன வணிகர் சங்கங்களின் துணை பெரிது. அவ்வாண்டு கொணரப்பட்ட வருமான வரியின்மீது வணிகர் கொண்ட சினமும் அத்துணைக்கு ஒரு காரணமாகும். கூட்டரசு தொடங்கும் நாளில் மற்றொரு கடையடைப்பு நடத்தலாம் என்று எண்ணியபோது அத்துணை கிட்டவில்லை. கொள்கைக்காக வந்தவர் நிற்பர். சினத்திற்காக வந்தவர் சினம் தணிந்ததும் செல்வர்.

நான்காவது, பொதுவுடைமைக் கட்சியின் நிழல். தொழிற்சங்க சம்மேளனம் முதலான சில உறுப்பு அமைப்புகளில் அக்கட்சியின் செல்வாக்கு இருந்தது. கூட்டணி முழுவதையும் அக்கட்சியின் முகமூடி என்று கருதினார் உண்டு. அவ்வாறு கருதுதல் டான் செங் லோக், ஜான் திவி, புர்ஹானுடீன் போன்றோரின் பங்கை மறைப்பதாகும். எனினும், 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அந்நிழல் கூட்டணி முழுவதன் மீதும் விழுந்தது. ஜனநாயக ஒன்றியம் தன்னைக் கலைத்துக்கொண்டது. மலாய் தேசியக் கட்சியின் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர் எஸ்.ஏ.கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றும் பயனில்லாது போயிற்று. பேசித் தீர்க்கும் மேசை கவிழ்ந்த இடத்தில் துப்பாக்கி பேசத் தொடங்கியது. அதன் விலையைப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நாடு செலுத்தியது.

எதிரணியினர் ஒரே அறையில்

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் அதனை இலட்சியவாதிகளின் தோல்வி என்று கூறி நூலை மூடிவிடலாம். ஆனால், அடுத்த அதிகாரமே மிகவும் கருதத்தக்கது. 1947இல் கூட்டரசுத் திட்டத்தின் தூணாக நின்றவர் ஓன் ஜாபார். அதனை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தியவர் டான் செங் லோக். இவ்விருவரும் 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே குழுவில் அமர்ந்தனர். சமூகத் தொடர்புக் குழு என்பது அதன் பெயர். அதற்குத் தலைமை தாங்கியவர் இ.இ.சி.துரைசிங்கம் என்னும் இலங்கைத் தமிழர். இரு பெரும் இனத்தார்க்கு இடையே எழும் வழக்கில், எண்ணிக்கையில் சிறிய சமூகத்தவர் ஒருவர் நடுவராக அமர்ந்தார். அவரே 1951இல் கல்விக்குப் பொறுப்பேற்றார் என்பது தமிழாசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

அக்குழுவின் கூட்டங்கள் மேடைப்பேச்சாக அல்லாமல் மூடிய அறையில் நடந்தன. மலாய் மக்களின் பொருளாதார நிலை, பிற இனத்தாரின் குடியுரிமை ஆகிய இரண்டுமே அங்குப் பெரிதும் பேசப்பட்டன. ஒன்றைத் தீர்க்காமல் மற்றொன்றைத் தீர்க்க முடியாது என்பதை இரு தரப்பும் உணர்ந்தன. பத்துக் கொள்கைகளில் அருகருகே எழுதப்பட்டிருந்தவையும் இவ்விரண்டும்தாம். 1950இல் கிராமப்புறத் தொழில் வளர்ச்சிக்கென ரிடா என்னும் அமைப்பு தோன்றியதும், 1952இல் குடியுரிமை விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டதும் இப்பேச்சுகளைத் தொடர்ந்து நிகழ்ந்தவை.

ஓன் ஜாபார் இன்னும் ஓரடி சென்றார். அம்னோவின் கதவை எல்லா இனத்தார்க்கும் திறக்கவேண்டும் என்றார். அக்கட்சி இசையாமையால், தாம் வளர்த்த கட்சியை விட்டே 1951இல் விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். எந்தக் குடியுரிமையை அஞ்சி அவர் அம்னோவை எழுப்பினாரோ, அந்தக் குடியுரிமை பெற்றோருடன் சேர்ந்து கட்சி நடத்த முன்வந்தார். மனிதர் மாறுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயினும், அவர் கட்டியது எல்லாரும் உடனே குடிபுகவேண்டிய ஒரே வீடு. மக்கள் அதற்கு ஆயத்தமாக இல்லை. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் அக்கட்சி 12 இடங்களுள் 2 இடங்களையே பெற்றது. தத்தம் கட்சியாக இருந்துகொண்டே கைகோத்த அம்னோவும் ம.சீ.ச.வும் 9 இடங்களைப் பெற்றன. ம.இ.கா. 1954இல் இக்கூட்டணியில் சேர்ந்தது. இரு வீடு, ஒரு முற்றம் என்னும் 1947ஆம் ஆண்டு அமைப்பு, வேறு மனிதர்களால், வேறு கொள்கைகளுடன் மீண்டும் எழுந்தது எனலாம்.

இக்கூட்டணியிலும் விலை கொடுக்கப்பட்டது. 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். கணக்குப் பார்த்திருந்தால் அம்னோ தன் தோழமைக் கட்சிகளுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே தந்திருக்கலாம். ஆனால், 52 இடங்களில் 15 இடங்களை ம.சீ.ச.வுக்கும் 2 இடங்களை ம.இ.கா.வுக்கும் அது ஒதுக்கியது. மலாய் வாக்காளர் சீன, இந்திய வேட்பாளர்க்கு வாக்களித்தனர். கூட்டணி 51 இடங்களில் வென்றது.

1957ஆம் ஆண்டின் விடுதலை அரசியலமைப்பை மக்கள் திட்டத்தின் குழந்தை என்று கூறுதல் மிகையாகும். அதனை வகுத்தது ரீட் ஆணையம். பேரம் பேசி முடித்தவர்கள் கூட்டணித் தலைவர்களும் சுல்தான்களும் பிரிட்டிஷ் அரசும். மெலாயு என்னும் பொதுப் பெயரும் இனங்களின் மன்றமும் அதில் இல்லை. சிங்கப்பூரும் அன்று சேரவில்லை. 1963இல் சேர்ந்து 1965இல் பிரிந்தது. ஆயினும், அரசியலமைப்பு மன்னராட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை, தேசிய மொழியாக மலாய், மலாய் மக்களின் தனிநிலை, விடுதலைக்குப்பின் இம்மண்ணில் பிறப்போர்க்குக் குடியுரிமை என்னும் கூறுகளை ஒருசேரக் காணும்போது 1947ஆம் ஆண்டின் பட்டியல் நினைவிற்கு வராமற்போகாது. வெளிநாட்டில் பிறந்தோர் குடியுரிமை கோர வேண்டிய வாழ்காலம் 20 ஆண்டுகளில் 15 என்பதிலிருந்து 12 ஆண்டுகளில் 8 எனக் குறைந்தது. மக்கள் திட்டம் கேட்டது 10 ஆண்டுகளில் 8. கடையடைப்பு நாளில் கூலியை இழந்த பாட்டாளிகளுள் எத்தனையோ பேர் இவ்விதியால் குடிமக்கள் ஆயினர்.

இலட்சியம் என்பது யாது?

கூடிப் பணியாற்றல் என்பதை நம்மில் பலர் இருவகையில் தவறாகக் கருதுகின்றோம். கொள்கையைக் கைவிட்டு இணங்கிப் போதல் என்று சிலர் எண்ணுவர். வேறுபாட்டை மறைத்துக் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்ளல் என்று வேறு சிலர் எண்ணுவர். 1947இல் கூடியவர்கள் இரண்டையும் செய்யவில்லை. தம் அச்சம் எது என்று வெளிப்படையாகக் கூறினர். எதிரே அமர்ந்தவரின் அச்சத்தைக் கேட்டனர். இன்னதை நாங்கள் தருகிறோம், இன்னதை நீங்கள் தாருங்கள் என்று பேசி, அதனை எழுத்தில் வைத்தனர். எழுத்தில் வைத்ததனாலேயே, அவர்கள் அமைப்புகள் தடைபட்டுக் கலைந்த பின்னும் அவர்கள் கருத்து எஞ்சியது. 2007இல் இந்நாட்டு இளைஞராகிய பாஹ்மி ரெசா இக்கடையடைப்பைப்பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதனைச் சொல்ல முடிந்தது.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் யூனியன், அம்னோ, கூட்டரசு, விடுதலை என்னும் வரிசையை மாணவர் மனனம் செய்வர். அவ்வரிசையின் இடையே இச்செய்தியையும் வைத்துக் கற்பித்தல் நலம் பயக்கும். கற்பிக்கும்போது, யார் வென்றார், யார் தோற்றார் என்னும் வினாவோடு நிறுத்திவிடாமல், கரும்பலகையில் நடுவே ஒரு கோடிட்டு, யார் எதைப் பெற்றார் என்று ஒருபுறமும், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று மறுபுறமும் மாணவரையே எழுதச் செய்யலாம். இடப்புறம் எழுதப் பிள்ளைகளுக்கு நேரம் பிடிக்காது. வலப்புறம் எழுதும்போதுதான் சற்றே நின்று எண்ணுவர். டான் செங் லோக்குக்கும் புர்ஹானுடீனுக்கும் ஜான் திவிக்கும் ஓன் ஜாபாருக்கும் அப்புறத்தில் எழுதுவதற்கு ஏதேனும் இருந்தது. நாளை இந்நாட்டின் பொதுவாழ்வில் அடியெடுத்து வைக்கப்போகும் மாணவர், தம் பெயருக்கு எதிரே அவ்விடத்தில் எதை எழுத இயலும் என்று எண்ணத் தொடங்குவராயின், வரலாற்றுப் பாடம் தன் பயனை எய்திவிட்டது எனலாம்.